நிலவெம்மையும் சூளைக் கண்ணும்

பூமியின் வயிற்றிலுள்ள வெம்மையைக் கொண்டு மின்னாற்றல் விளைவிக்கும் நிலையங்களில் கணிப்பொறியும் நுண்ணளவைக் கருவிகளும் இக்காலத்துப் பெரிதும் புகுத்தப்பட்டு வருகின்றன. அவற்றால் நிலையங்களின் திறன் பெருகும் என்பார் ஒரு சாரார். அவை தொழிலாளர்தம் பழுத்த அறிவை விழுங்கிவிடும் என்பார் மற்றொரு சாரார். பீங்கான் சூளைகள் சூழ்ந்த விருத்தாசலத்தைச் சார்ந்து வாழும் நமக்கு இவ்வழக்கில் யாது பங்கு என நண்பர் சிலர் வினவினர். பங்கு உண்டு என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுவது.

முதற்கண் வரலாறு சிறிது. 1904-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு லார்டெரெல்லோ என்னுமிடத்தில் பியெரோ ஜினோரி கோந்தி என்னும் இளவரசர், நிலத்தினின்று பீறிட்டெழும் நீராவியால் சிறு பொறி ஒன்றை ஓட்டி ஐந்து விளக்குகளை எரியச் செய்தார். 1913-ல் அவ்விடத்தே மின்னிலையம் எழுந்தது. நியூசிலாந்தின் வைராக்கேய் 1958-லும், கலிபோர்னியாவின் கீசர்ஸ் 1960-லும், கென்யாவின் ஓல்காரியா 1981-லும் தொடர்ந்தன. இன்று கென்யா தன் மின்னாற்றலில் ஐந்திலிரண்டு பங்கிற்கு மேல் இவ்வழியே பெறுகின்றது. நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கே இதற்குத் தலைசிறந்த இடங்களுள் ஒன்றென அறிஞர் கூறுவர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்து நீர் 85 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கு 1 மெகாவாட் அளவில் சோதனை நிலையம் அமைக்க ஓ.என்.ஜி.சி.யும் லடாக் ஆட்சியினரும் லே மலை வளர்ச்சி மன்றத்தினரும் 2021 பிப்ரவரியில் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

நிற்க. விறகும் நிலக்கரியும் வேண்டாத இவ்வடுப்புக்குக் கணிப்பொறியின் காவல் எதற்கு? நிலத்தடி ஆவியை அமுதசுரபி என மயங்கியோர் பட்ட பாடே இதற்கு விடை. கீசர்ஸில் கிணற்றின் மேல் கிணறாகத் தோண்டி ஆவியை வாங்கினர். 1980-களின் பிற்பகுதியில் நிலத்தடி அழுத்தம் விரைந்து தாழ, மின் விளைவும் தாழ்ந்தது. வெம்மை குறையவில்லை, அதனைச் சுமந்து வரும் நீரே வற்றியது. பின்னர் 1997 முதல் அண்மை ஊர்களின் கழிவுநீரைத் தூய்மை செய்து, குழாய் வழியே கொணர்ந்து, நிலத்துள் செலுத்தி ஒருவாறு நிலைநிறுத்தினர். வைராக்கேயிலோ, நீரை வாங்கியதன் பயனாக நிலமே சில இடங்களில் 14 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. அளவாமல் அள்ளியதன் விலை இது.

இனி அளக்கும் முறையைக் காண்போம். கிணற்றினுள் கண்ணாடி இழை ஒன்றை இறக்கி ஒளியைச் செலுத்தினால், திரும்பிச் சிதறி வரும் ஒளி, ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் உள்ள வெப்பநிலையைத் தெரிவிக்கின்றது. அவ்வாறு வரும் எண்களைக் கொண்டு நிலையத்தின் மறுபடிவம் ஒன்றைக் கணிப்பொறியுள்ளே கட்டுகின்றனர். இத்துணை வெம்மையும் அழுத்தமும் உடைய ஆவி புகுந்தால் இத்துணை மின்னாற்றல் வரவேண்டும் என்று அப்படிவம் கூறும். வந்தது குறைவாயின், எங்கோ ஒரு குழாயில் படிவு சேர்ந்தது, அல்லது சுழலியின் இதழ் தேய்ந்தது என ஊகித்து, பழுது முற்றுமுன் சென்று பார்க்கலாம்.

படிவு என்றேன், அது நம்மூர்ப் பொருளே. நிலத்தடிக் கொதிநீர் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு மேலேறுகின்றது. ஆறுந்தோறும் அச்சிலிக்கா குழாயின் உட்புறத்தே கல்லாய் ஒட்டுகின்றது. பீங்கான் கலத்தின் மேற் பளபளக்கும் மெருகும் பெரும்பாலும் இச்சிலிக்காவே. ஈங்கு அழகு செய்வது ஆங்கு அடைப்பாகின்றது. எந்த வெப்பநிலைக்குக் கீழே நீரை ஆறவிடலாகாது என்பதை இடைவிடாது கணித்துக் காட்டுதலே அங்குக் கணிப்பொறி செய்யும் பெரும்பணிகளுள் ஒன்று.

சூளைக்காரரும் இச்சிலிக்காவோடுதான் போராடுகின்றனர். படிகக்கல் 573 பாகையில் தன் பருமனைத் திடீரென மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆறவைக்கும்போது அவ்வெல்லையை விரைந்து கடந்தால் கலம் விரிசல் காணும். சிறு சூளை நடத்துவோர்க்கு ஒருமுறை சுட்டது கெட்டால் பல நாள் உழைப்பும் எரிபொருளும் ஒருங்கே போம்; கடன் மட்டும் எஞ்சும். ஆதலின், வெப்பமின்னிணைக் கம்பியும், ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே நடத்தும் எண்முறைப் பெட்டியும் சூளைக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் யான் அறிந்த முதிய சூளைத் தொழிலாளர் ஒருவர் பார்வைத் துளையின் வழியே தீயின் நிறத்தை நோக்கியவாறே கூறியது மறக்கற்பாலதன்று: “தம்பி, அந்தப் பெட்டி சொல்வது கம்பி இருக்கும் இடத்துச் சூடு. மூலையில் அடுக்கிய சரக்கு என்ன பாடு படுகிறது என்று அதற்குத் தெரியுமா?” இது வெறும் முதியோர் பிடிவாதம் அன்று. ஜெர்மானியராகிய ஹெர்மன் சேகர் 1886-ல் கூம்புகளைச் செய்து சூளையுள் வைத்ததும் இக்காரணம் பற்றியே. கூம்பு வளைவது வெப்பநிலையால் மட்டுமன்று. அவ்வெப்பத்தில் கலம் எத்துணை நேரம் இருந்தது என்பதாலும் ஆம். கம்பியை எங்கே நாட்டுவது, கூம்பை எம்மூலையில் வைப்பது என்பதைச் சூளையின் குணம் அறிந்தவரே கூற வல்லார். கிணற்றிலும் அஃதே: ஒரு கிணற்றின் எண் பக்கத்துக் கிணற்றின் எண் ஆகாது.

கருவி வந்தால் வேலை போகும் என்னும் அச்சம் முழுதும் பொய்யன்று. நிலையங்களைத் தொலைவிலுள்ள ஓர் அறையிலிருந்தே சிலர் நடத்தும் காலம் வந்துவிட்டது. அதனை மறைத்துக் கருவியைப் புகழ்வோர்பால் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கருவியைத் தடுத்துக் கலத்தை உடையவிடுவதால் எவர் வேலையும் நிலைக்காது. அன்றியும், அவ்வெப்பமின்னிணைக் கம்பியைக் கடுந்தீயில் காக்கும் உறை யாதென எண்ணுக. அதுவும் அலுமினா என்னும் பீங்கானே! பொம்மையும் அகல்விளக்கும் மின்காப்பானும் செய்யும் ஊர், செராமிக் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசினர் நிறுவனமும் உடைய ஊர், அவ்வுறையைச் செய்யக் கற்றல் அரிதோ? அலுமினாவைச் சுட மிகுந்த வெப்பம் வேண்டும். அதற்கேற்ற சூளையும் முதலும் வேண்டும். அவற்றைச் சிறு தொழிலாளர் தனித்துத் தேடவியலாது; அரசே பொதுச்சூளையாக அமைத்துத் தரல் வேண்டும்.

மற்றொன்று, யான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. அளந்த எண்கள் எவர்க்கு உரியவை? அண்மையிலுள்ள நெய்வேலியை நோக்குக. அங்குப் பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் உள்ளது. அதனை ஓயாது இறைத்தாலன்றிச் சுரங்கம் நடவாது. சுற்றூர் உழவரோ தம் கிணறுகள் தாழ்ந்தன என நெடுநாளாக முறையிடுகின்றனர். ஊர்தோறும் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து, ஊராட்சி வாயிலிலே எழுதிவைத்தால், வழக்கிடுவோர் இருவர்க்கும் ஒரே ஏடு கிடைக்கும். பூகாவில் ஆடு மேய்த்து வாழும் சாங்பா மக்கட்கும், தம் ஊற்றின் நிலையை அறியும் உரிமை இவ்வாறே உண்டு. நிலையத்தின் திறனைப் பெருக்க மட்டும் எண்களைத் திரட்டி, அக்கம்பக்கத்தார்க்கு அவற்றை மறைப்பது அறிவியல் ஆகாது, அது வாணிகம்.

எண்களைத் திறந்து வைத்தாலும், அவை எம்மொழியில் உள்ளன என்பது அடுத்த கேள்வி. சூளைப் பெட்டியின் முகத்தில் உள்ளவை யாவும் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கள். இரவு இரண்டு மணிக்கு அபாய மணி ஒலித்தால், அருகில் நிற்பவர் பொத்தான்களின் பொருளறியாது முதலாளியைத் தொலைபேசியில் எழுப்புகின்றார். அதற்குள் சூளை தன் போக்கில் போய்விடும். தமிழ் சிறப்பு வகுப்பினராகிய நாம் பழைய நிகண்டுகளை ஆராய்வது போற்றத்தக்கதே. ஆண்டிற்கு இரண்டு சனிக்கிழமைகள் செராமிக் மாணவரோடும் சூளைத் தொழிலாளரோடும் அமர்ந்து, அவர் வாயிலுள்ள சொற்களைக் குறித்துக்கொண்டு, பெட்டிகளின் மேல் ஒட்டுதற்குரிய தமிழ்த் தாள் ஒன்று ஆக்கினால் என்ன? தொடக்கமாக மூன்று சொற்களை யானே முன்வைக்கின்றேன்: வெப்பம் கூடுங்கால் ஏற்றம், ஒரே அளவில் இருக்குங்கால் நிறுத்தம், ஆறுங்கால் இறக்கம். இவற்றினும் நல்லன சூளையடியில் கிடைக்குமாயின், இவற்றை நீக்கிவிடுக.