தனியே கிளம்பும் தொண்டு: யாருக்குப் பதில் சொல்வது?

நேபாளத்தில் பள்ளிக்கூடம், கம்போடியாவில் குழந்தைகள் காப்பகம், கென்யாவில் மருத்துவ முகாம் என்று வெளிநாட்டில் சில மாதங்கள் தொண்டு செய்ய விரும்புகிறவர் இணையத்தில் தேடினால், முதலில் எதிர்ப்படுவது கட்டணப் பட்டியல்தான். தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போக ஆள் எல்லாம் சேர்த்து, நான்கு வாரத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கும் ஏஜென்சிகள் உண்டு. சும்மா வேலை செய்துகொடுக்க நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற எரிச்சல் வருகிறது. இடைத்தரகர் வேண்டாம், நாமே ஓர் அமைப்பைப் பிடித்து, நாமே டிக்கெட் போட்டுப் போய்விடலாம் என்ற யோசனையும் பின்னாலேயே வருகிறது.

எரிச்சல் நியாயமானது. ஆனால், தனியாகப் போகிறவர் ஏஜென்சிக்கான பணத்தை மிச்சம் பிடிக்கும்போதே, ஏஜென்சி செய்திருக்க வேண்டிய விசாரணையையும் மேற்பார்வையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அதை அவரால் சுமக்க முடியுமா என்பதைப் பொறுத்தே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

ஏஜென்சிகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தன என்றும் சொல்வதற்கில்லை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் காப்பகங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. போர் ஓய்ந்து, சுற்றுலா செழித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்கிறது யுனிசெஃப். நேபாளத்திலும் காப்பகங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்கரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் பகுதிகளிலேயே இருந்தன. தரகர்கள் தொலைதூர மலைக் கிராமங்களுக்குப் போய், நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். கொஞ்சிவிட்டு நன்கொடை தர ஏஜென்சிகள் வழியாகவும் தொண்டர்கள் வந்துகொண்டே இருந்ததால் காப்பகங்களுக்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். காப்பகங்களுக்காக நடக்கும் இந்தக் குழந்தைக் கடத்தலை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்ற விசாரணைக் குழு 2017-ல் வந்தது. காப்பகங்களில் தொண்டு என்ற பெயரில் குழந்தைகளுக்கு நேரும் தீங்கை ஐ.நா. பொதுச்சபையும் 2019 தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது.

அந்தக் காப்பகங்களுக்குப் போனவர்களில் கெட்ட எண்ணத்தோடு போனவர்கள் வெகு சிலரே. இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரிக்கும் நிலையில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். தனியாகப் போகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரே மின்னஞ்சலில், சான்றிதழ் எதுவும் கேட்காமல், போலீஸ் விசாரணைச் சான்று வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கே வரலாம் என்று எழுதும் நிறுவனத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். முன்பின் தெரியாத நம்மைக் குழந்தைகளிடம் இவ்வளவு சுலபமாக விடுகிறவர்கள், மற்றவர்களையும் அப்படித்தானே விடுவார்கள்?

இதன் அடுத்த கட்டம், தனியாகப் போய்ச் சொந்தமாகவே ஓர் அமைப்பைத் தொடங்கிவிடுவது. உகாண்டாவின் ஜிஞ்சா நகரில், மருத்துவப் படிப்பில்லாத அமெரிக்க இளம்பெண் ஒருவர் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்தினார். 2010-லிருந்து 2015 வரை அங்கே சேர்க்கப்பட்ட சுமார் 940 குழந்தைகளில் 105 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே மோசமான நிலையில் வந்த குழந்தைகள் அவர்கள் என்பது அமைப்பின் வாதம். 2019-ல் தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, இழப்பீடு தந்து 2020-ல் சமரசம் ஆனது. மரணங்களுக்கு யார் காரணம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் ‘இந்த வேலை உனக்குத் தெரியாது, நிறுத்து’ என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே ஆண்டுக்கணக்கில் இல்லாமல் போனதுதான் யோசிக்கவைக்கிறது.

நன்றாக நடந்த பணிகளில் அப்படி ஓர் ஆள் இருந்திருக்கிறார். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர் பியர் செரசோல். 1920-லேயே சர்வதேசத் தொண்டர் முகாம்களைத் தொடங்கிய அவர் தொழிலால் பொறியாளர். 1937 வரை பலமுறை பீகாருக்கு வந்து, கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் ஈடுபட்டார். அப்போது ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணப் பணி நடந்துகொண்டிருந்தது. செரசோல் அதற்குத் தோள்கொடுக்க வந்தவர். கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டும் அழைப்பின் பேரில் வந்த அறுவை சிகிச்சை நிபுணரே. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை அவர் உருவாக்கியதோடு, இங்கிருந்த மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் போன பிறகும் வேலை தொடர்ந்தது. வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958-ல் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களை அனுப்பித் தொடங்கியது; போகப்போக, தொழில் தெரிந்தவர்களைத் தேடி அனுப்பும் அமைப்பாக மாறியது. ஆர்வம் மட்டும் போதாது என்பதை அனுபவமே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அழைப்பில்லாமல் போகக் கூடாது என்பது பேரிடர் நேரத்தில் இன்னும் கறாராகப் பொருந்தும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, யாரும் கேட்காமல் வந்துசேர்ந்த பழைய துணிகள் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலையாகக் குவிந்துகிடந்ததைத் தமிழகம் பார்த்தது. கேட்காமல் வரும் மனிதர்களுக்கும் இடம், சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் தேவைப்படும். முதல் சில நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களே என்று அந்த நிவாரணப் பணிகளைப் பின்னர் ஆராய்ந்த அறிக்கைகளும் பதிவுசெய்தன.

சட்டமும் இருக்கிறது. சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். குடியேற்ற அதிகாரிகள் அப்படி நினைப்பதில்லை. தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்யும் வீட்டு வேலைகூடப் பல நாடுகளில் வேலைதான். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுத்துவிட்டு மாட்டிக்கொண்டால், அழைத்த நிறுவனம் கைவிரித்துவிடும். தூதரகத்திடம் கேட்டு, உரிய விசா எதுவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது தனியாகப் போகிறவரின் வேலை.

லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிற புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. ஏஜென்சி இல்லாவிட்டாலும் அங்கே மாமா, சித்தி, ஊர்ப் பள்ளி அதிபர் என்று அவர்களைக் கண்டிக்க ஆள் இருக்கிறது. ஆனாலும், ஆறு வாரத்தில் முடிந்துபோகும் ஆங்கில வகுப்பைவிட, அதே பள்ளியின் ஆசிரியரோடு சேர்ந்து பாடத்தைத் தயாரித்துக் கொடுத்து, ஊர் திரும்பிய பிறகும் இணையம் வழியாகத் தொடர்வது அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும்.

ஆகவே, தனியாகப் போகலாமா என்று கேட்பவர் தன் மனதைத் தட்டிப்பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அங்கிருந்து அழைத்தவர் யார், எந்த வேலைக்கு என்று பெயர் குறிப்பிட்டு எழுதச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய உள்ளூரில் ஆள் கிடைப்பாரா என்று விசாரிக்க வேண்டும். முன்பு போய்வந்தவர்களிடமும், முடிந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் பேச வேண்டும். தன் ஊரில் உரிமமில்லாமல் செய்ய முடியாத எதையும் அங்கே செய்வதில்லை என்று முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சரியில்லை என்றால் தன்னைத் திருப்பியனுப்பும் அதிகாரம் உள்ளவர் யார் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், ஏஜென்சி இல்லாமல் தாராளமாகக் கிளம்பலாம். கிடைக்காவிட்டால், விமான டிக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை நம்பகமான உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, அந்த நாட்டைச் சுற்றுலாப் பயணியாகவே பார்த்துவிட்டு வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.