கிறீஸ் கன் யாருடைய கைக்கு?

2011 ஓகஸ்டில் கிழக்கிலங்கை முழுக்க "கிறீஸ் பூதம்" என்ற பயம் பரவியபோது நான் சின்னப் பிள்ளை. பொழுதுபட்டால் வாசலில் கால் வைக்க விடமாட்டார்கள். கிறீஸ் என்றாலே பூதம் என்று இருந்த எனக்கு, அது எங்கள் வீட்டுச் சோற்றோடு சம்பந்தப்பட்ட சாமான் என்று விளங்கக் கம்பஸ் போகும் வயது வரவேண்டியிருந்தது.

எங்களிடம் பழைய மெஸி பெர்கூசன் உழவு மெசின் ஒன்று இருக்கிறது. மண்டூரில் இது புதினமில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியதிலிருந்து, இருக்கிறதைப் பார்த்துப் பராமரிக்கிறதுதான் வழி. ஆனால் கிறீஸ் கன் மட்டும் எங்களுக்கு எப்போதும் இரவல்தான். விதைப்புக் காலத்தில் ஊருக்கே அது தேவை. நமக்குக் கிடைக்கும்போது உழவு முடிந்திருக்கும்.

போன பெரும்போகத்தில் அதற்குரிய விலையைக் கொடுத்தோம். முன் சில்லுத் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் கிறீஸ் இல்லாமல் தேய்ந்து இறுகிவிட்டது. வயலில் தண்ணீர் கட்டிக் கிடக்க, மெசின் மூன்று நாள் கராஜில் நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. "இனி இரவல் வாங்கப் போகமாட்டன் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

கன் வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்தானே! கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். காற்றில் வேலை செய்வதற்குக் கொம்பிறசர் வேண்டும், அது கராஜ்காரருக்கு. பற்றறியில் ஓடுவது சுகம்தான், ஆனால் பற்றறி செத்தால் கன்னும் செத்தது. ஒரு மெசினுக்கு அது தேவையில்லை. மிச்சம் கையால் இயங்கும் இரண்டு: நீளப் பிடியை அடித்து ஏற்றும் லீவர் கன், துவக்குப் போல் அமத்தும் பிஸ்டல் கன். லீவரில் பத்தாயிரம் பி.எஸ்.ஐ. அமுக்கம் என்று போட்டிருந்தது. இலக்கம் பெரிசு, அதுதான் நல்லது என்று முடிவெடுத்து, பாதையில் ஏறி குருமண்வெளி போய், களுவாஞ்சிகுடியில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பா அதைக் கையில் எடுத்தபோதுதான் என் பிழை தெரிந்தது. லீவர் கன்னுக்கு ஒரு கை உடம்பைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை பிடியை அடிக்க வேண்டும், நிப்பிளில் முனை கழராமல் பிடிக்க மூன்றாவது கையும் வேண்டும். அப்பாவுக்கு இருப்பது ஒன்றரைக் கை. இடது கையின் இரண்டு விரலும் மணிக்கட்டின் மடிப்பும் யுத்தத்தோடு போனவை. அவர் கன்னை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அடித்தார். கிறீஸ் நிப்பிளுக்குள் போகாமல் சேட்டில் வழிந்தது. "பழகினாச் சரி வரும்" என்றார். சரி வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுகா பிஸ்டல் கன் ஒன்றும், வளையும் குழாயும், நிப்பிளைக் கவ்விக்கொண்டு நிற்கும் பூட்டு முனையும் வாங்கினோம். முனையைப் பூட்டிவிட்டால் அது தானாக நிற்கும். ஒரு கையால் அமத்தினால் போதும். ஒரு அமத்தலுக்கு லீவரை விடக் கொஞ்சமாகத்தான் கிறீஸ் வரும், நேரம் எடுக்கும். அடைத்துப்போன நிப்பிளுக்கு லீவர்தான் சரி, அதை நான் அடிக்கிறேன். மற்றதெல்லாம் அப்பாவே செய்கிறார்.

எனவே என் கருத்து இதுதான். கன் வாங்கும்போது இலக்கத்தைப் பிறகு பாருங்கள், முதலில் கையைப் பாருங்கள். அம்மா பாவிப்பாவா, தம்பியா, வயசான மாமாவா? அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது கிறீஸ் எதில் வாங்குகிறீர்கள் என்பது. 400 கிராம் குழல் எங்கள் பக்கம் எப்போதும் கிடைக்காது, ரின்னில்தான் வாங்குகிறோம். ஆகவே ரின்னிலிருந்து உறிஞ்சி நிரப்பக்கூடிய கன்தான் வேண்டும். நிரப்பியதும் உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றாவிட்டால், கன் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் என்றால் கன்னே வேண்டாம். பெரும்பாலானவற்றில் நிப்பிள் இல்லை, செயினுக்கு எண்ணெய் போட்டால் போதும்.

இன்னும் இரண்டு விசயம். அடிக்க முதல் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் வயல் சேற்றையும் சேர்த்துத்தான் உள்ளே ஏற்றுவீர்கள். குழாயிலோ முனையிலோ கசிவு இருந்தால் விரலால் பொத்த வேண்டாம். அந்த அமுக்கத்தில் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும், நோவும் முதலில் பெரிசாக இராது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது, ஒப்பரேசன் வரைக்கும் போகலாம்.

இந்தப் போகம் சேற்று உழவு நடந்த நாளெல்லாம் பின்னேரம் அப்பா மெசினடியில் குந்தியிருந்தார். பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அமத்துவார். நான் ரின்னிலிருந்து நிரப்பிக் கொடுப்பேன். அவருக்குச் செய்யக் கஷ்டமானது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அண்ணன் நேற்று வந்து கன் இரவல் கேட்டார். லீவரைக் கொடுத்தோம். பிஸ்டலை அப்பா யாருக்கும் கொடுக்கிறதில்லை.