எக்ஸெல்லில் கிரிக்கெட் கணக்கு: பந்தயம் கட்ட உதவுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இது கணக்குப்பிள்ளைகளுக்கானது" என்று மூடி விடுகிறார்கள். உங்களுக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்றால் மூட வேண்டாம். ஒரு வீரர் உண்மையில் எவ்வளவு நல்லவர் என்பதை டிவி வர்ணனையாளரை விட இந்தக் கட்டங்கள் தெளிவாகச் சொல்லும். ஆனால், அதே கட்டங்களை வைத்துப் பந்தயம் கட்டிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணமும் கூடவே பரவி வருகிறது. அது நடக்காது என்பது என் கருத்து. சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் சொல்கிறான் என்று நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்து விடலாம்.

முதலில் வீரர்களை எடை போடுவதைப் பார்ப்போம். எங்கள் ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணைக்குப் பக்கம். இங்கே டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் ஒருவரைப் பாராட்ட வேண்டும் என்றால் "ஆட்டத்துக்கு முப்பது ரன் அடிப்பான்" என்பார்கள். இந்த முப்பது என்ற ஆவரேஜ் இருபது ஓவர் ஆட்டத்தில் எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள்.

முதல் ஆட்டக்காரர் பத்து ஆட்டங்களில் 300 பந்துகளைச் சந்தித்து 300 ரன் எடுத்திருக்கிறார். பத்து முறையும் அவுட். ஆவரேஜ் 30. இரண்டாமவர் பத்து ஆட்டங்களில் 130 பந்துகளில் 220 ரன். அவரும் பத்து முறை அவுட். ஆவரேஜ் 22. பேப்பரில் பார்த்தால் முதலாமவர்தான் பெரிய ஆள். இப்போது எக்ஸெல்லில் ரன், பந்து, அவுட் என மூன்று நெட்டு வரிசைகளில் இந்த எண்களை அமைத்திடுங்கள். ரன்னைப் பந்தால் வகுத்து 120ஆல் பெருக்கினால், இருபது ஓவரும் இவரைப் போன்றவர்களே ஆடினால் அணி எவ்வளவு எடுக்கும் என்று தெரியும். முதலாமவருக்கு 120 வரும். இரண்டாமவருக்கு 203! சரி, விக்கெட் போகுமே என்று கேட்கலாம். 120ஐ, ஒரு அவுட்டுக்கு அவர் ஆடும் பந்துகளால் வகுத்திடுங்கள். முதலாமவர் வகையில் நான்கு விக்கெட், இரண்டாமவர் வகையில் ஒன்பது விக்கெட்டைச் சற்றுத் தாண்டி. பத்து விக்கெட் கையில் இருக்கும் ஆட்டத்தில் ஆறு விக்கெட்டை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போய் என்ன செய்வது?

பந்து வீச்சிலும் இப்படித்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை எடுத்துக் கொள்வோம். 2020 ஐ.பி.எல். போட்டியில் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு ரபாடா எடுத்தது 30. விக்கெட் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் நடராஜன் எங்கோ கீழே நிற்பார். ஆனால் அவர் பந்து வீசியது பெரும்பாலும் கடைசி ஓவர்களில், அடிக்க வேண்டும் என்றே நிற்கும் ஆட்டக்காரர்களுக்கு. அங்கே யார்க்கர் யார்க்கராகப் போட்டு, ஓவருக்கு எட்டு ரன் அளவில்தான் கொடுத்தார். ஏழாவது ஓவரில் கொடுக்கும் எட்டும் பத்தொன்பதாவது ஓவரில் கொடுக்கும் எட்டும் ஒன்றல்ல. ஷீட்டில் ஓவர் எண்ணுக்கு என்று ஒரு நெட்டு வரிசை சேர்த்து, 17 முதல் 20 வரை மட்டும் ஃபில்டர் செய்து பார்த்தால்தான் அவர் மதிப்பு தெரியும். அந்தச் சீசன் முடிந்த கையோடு ஆஸ்திரேலியா சென்றவர், ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டுத்தான் திரும்பினார்.

இந்தச் சிந்தனை பேஸ்பால் விளையாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், 1977ல் பேஸ்பால் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு சிறு புத்தகத்தைத் தானே வெளியிட்டார். அடித்து ஓடுபவரை மட்டும் எல்லாரும் பாராட்டுகிறார்கள். மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து செல்பவரை யாரும் மதிப்பதில்லை. அணிக்கு இரண்டுமே லாபம்தானே என்பது இந்த வகைக் கணக்கின் முக்கியமான வாதம். ஓக்லாந்து அணி இதைப் பிடித்துக் கொண்டது. பெரிய அணிகள் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தில், யாரும் வேண்டாம் என்ற வீரர்களைச் சேர்த்து, 2002ல் தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. 'மணிபால்' என்ற புத்தகமும், 2011ல் வந்த திரைப்படமும் இந்தக் கதைதான்.

கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ஓக்லாந்து ஜெயித்தது கணக்குப் போட்டதால் மட்டுமல்ல. மற்றவர்கள் கணக்குப் போடாததாலும்தான். சந்தையில் விலை தவறாக இருந்தது. பில் ஜேம்ஸையே பாஸ்டன் அணி வேலைக்கு எடுத்துக் கொண்டு, 2004ல் கோப்பையும் வென்றது. மற்ற அணிகளும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பிரிவு வைத்த பிறகு, அந்த மலிவு விலை வீரர்கள் மலிவாகக் கிடைக்கவில்லை. புள்ளிவிவரம் பொய்யாகி விடவில்லை. எல்லாருக்கும் தெரிந்து விட்டது, அவ்வளவுதான்.

சரியான புள்ளிவிவரம் கையில் இருந்தும் கை சுடுவது உண்டு. வருண் சக்கரவர்த்தி 2018 டி.என்.பி.எல். போட்டியில் மதுரை அணிக்காக ஓவருக்கு ஐந்து ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்தார். அந்த எண்ணைப் பார்த்து, 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு ஏலம் எடுத்தது. 2019 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில் அவர் போட்ட முதல் ஓவரில் 25 ரன். அந்தச் சீசனில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். ஆனால் இதே வருண்தான் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்தார். அப்படியானால் 2018 எண்கள் சரியா, தவறா? சரிதான். ஒரு பந்து வீச்சாளர் பத்து ஆட்டங்களில் அதிகபட்சம் 240 பந்துகள்தான் போட முடியும். திறமை உண்டு என்று சொல்ல அது போதலாம். அடுத்த புதன்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லப் போதாது. பஞ்சாப் அணிக்கு ஒரு ஏலம் தவறினால் அடுத்த ஆண்டு இன்னொரு ஏலம் உண்டு. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில் கரும்புக்கு வரும் பணத்தை நம்பி இருக்கும் வீட்டுக்கு அப்படி இல்லை.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். சம பலம் உள்ள இரு அணிகளுக்குப் பந்தயம் பிடிப்பவர் வழக்கமாகச் சொல்லும் விலை 1.90 என்று வைத்துக் கொள்வோம். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 திரும்பக் கிடைக்கும். அதாவது லாபம் 90. தோற்றால் 100 போச்சு. இதை எக்ஸெல்லில் அமைத்திடுங்கள். ஒரு புதிய ஷீட்டைத் திறந்து முதல் செல்லில் =இஃப்(ரேண்ட்()<0.5,90,-100) என்ற பார்முலாவை டைப் செய்திடுங்கள். (பங்க்ஷன் பெயர்களை ஆங்கிலத்தில் தர வேண்டும்.) பின் அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து நூறாவது வரிசை வரை இழுத்திடுங்கள். நூறு பந்தயம் தயார். பக்கத்தில் ஒரு செல்லில் சம் பங்க்ஷன் மூலம் இந்த நூறையும் கூட்டிடுங்கள். இனி எஃப்9 கீயைத் தட்டத் தட்டப் புதிதாக நூறு பந்தயம் நடக்கும். (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.)

பத்து முறை தட்டிப் பாருங்கள். ஏழு முறை போல நஷ்டமும், மூன்று முறை போல லாபமும் காட்டும். இந்த மூன்று முறையைத்தான் கவனிக்க வேண்டும். டீக்கடையில் சத்தமாகப் பேசுபவர் இவர்தான். மற்ற ஏழு பேர் வாயைத் திறப்பதில்லை. பார்முலாவை ஆயிரம் வரிசை வரை இழுத்துவிட்டுத் தட்டினால், நூறு முறைக்கு ஐந்து முறை போலத்தான் லாபம் வரும். பந்தயத்துக்குச் சராசரியாக ஐந்து ரூபாய் கழிந்து கொண்டே போகும். அந்த ஐந்து ரூபாய்தான் பந்தயம் பிடிப்பவரின் சம்பளம்.

"நான் காசு சுண்டிப் பார்த்துக் கட்டவில்லை, புள்ளிவிவரம் பார்த்துக் கட்டுகிறேன்" என்று சொல்லலாம். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, காலேஜ் படிக்கும் ஒரு தம்பி லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கடைசி ஐந்து ஆட்ட ரன், மைதானம், டாஸ் எல்லாம் வண்ண வண்ணமாக. "அண்ணா, இந்த டீம் ஜெயிக்க எழுபது பர்சன்ட் சான்ஸ் வருது பாருங்க" என்றான். ஷீட் நன்றாகவே இருந்தது. சில பார்முலாக்களை நானே அவனிடம் கேட்டுக் கொண்டேன். ஆனால் எழுபது சதவீதம் என்பது உண்மையாகவே இருந்தாலும், அந்த அணிக்கு விலை 1.90 இருக்காது. நேர்மையான விலையே 1.43தான். பந்தயம் பிடிப்பவர் தருவது 1.36 அளவில் இருக்கும். நூறு முறை நூறு ரூபாய் கட்டி, எழுபது முறை ஜெயித்தாலும் கைக்கு வருவது 9,520. கட்டியது 10,000. எந்த அணி ஜெயிக்கும் என்று தெரிந்து கொள்வது ஒரு வேலை. சொல்லப்படும் விலை தவறு என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. எதிரில் இருப்பவரிடமும் அதே புள்ளிவிவரம் இருக்கிறது; அவருக்கு அதுவே முழு நேரத் தொழில்.

கணக்கால் ஜெயித்தவரே இல்லையா என்றால், உண்டு. பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹாங்காங் சென்று, குதிரைப் பந்தயத்துக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பெரும் பணம் சம்பாதித்தார். அதற்குப் பல ஆண்டுகள், ஒரு குழு, ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட தகவல்கள் தேவைப்பட்டன. மக்கள் பணம் கட்டிய விகிதத்தையே தன் கணக்கில் ஒரு பகுதியாகச் சேர்த்த பிறகுதான் அவர் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்தது. மொட்டை மாடியில் செல்போனுடன் உட்கார்ந்து செய்கிற காரியம் அல்ல.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதையடுத்து ட்ரீம்11 போன்ற நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்தின. ஆசை நின்று விட்டதா? டெலிகிராமில் "புள்ளிவிவர நிபுணர்கள்" புறப்பட்டிருக்கிறார்கள். ஒரு பழைய தந்திரத்தைச் சொல்கிறேன். 1,024 பேருக்கு மெசேஜ் அனுப்புங்கள்: பாதிப் பேருக்குச் சென்னை ஜெயிக்கும் என்று, மீதிப் பேருக்கு மும்பை என்று. தவறாகப் போன 512 பேரை விட்டுவிட்டு, மற்ற 512 பேரை மீண்டும் இரண்டாகப் பிரித்திடுங்கள். பத்தாவது ஆட்டம் முடியும்போது ஒருவர் மிஞ்சுவார். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்ன நிபுணராக நீங்கள் அவருக்குத் தெரிவீர்கள். அவர் என்ன தொகை கேட்டாலும் தருவார். இப்படிப்பட்ட குழுக்களில் ஏபிகே ஃபைல் ஒன்றை அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்வதும் உண்டு. பிளே ஸ்டோரில் இல்லாத எதையும் போனில் ஏற்றாதீர்கள். பந்தயத்தில் போகாத பணம் அந்த வழியில் போய்விடும்.

கணக்குப் போடும் ஆசை இருந்தால், அதற்கு இலவசமாகவே தீனி கிடைக்கிறது. கிரிக்ஷீட் என்னும் தளத்தில் ஐ.பி.எல். ஆட்டங்கள் 2008லிருந்து பந்து பந்தாக, டவுன்லோட் செய்து கொள்ளும்படி இருக்கின்றன. மொத்தம் இரண்டரை லட்சம் வரிசைகளுக்கு மேல். எக்ஸெல் 2003ல் 65,536 வரிசைகளுக்கு மேல் திறக்காது. இன்றைய எக்ஸெல்லிலும், காசு தராமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் பத்து லட்சத்துக்கு மேல் இடம் உண்டு. முதலில் ஒரே ஒரு சீசனை மட்டும் திறந்திடுங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் முழு ஃபைலும் திறக்கத் திணறும். பைவட் டேபிள் கற்றுக் கொள்ள இதை விட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

அதை விட எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர் டோர்னமென்ட் ஸ்கோர் நோட்டு யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும். அதை வாங்கி டைப் செய்திடுங்கள். நடராஜனும் முதலில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டவர்தான். எங்கள் ஊரில் கடைசி இரண்டு ஓவரை யார் போட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று இதுவரை யாரும் தனியாக எழுதி வைத்ததில்லை. லேப்டாப் காட்டிய அந்தத் தம்பியிடம் அடுத்த டோர்னமென்ட்டுக்கு அந்த ஒரு நெட்டு வரிசையை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.