உயரமா? சரிவா?



பெரிய காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் வைத்தால் பெரிய மின்சாரம் உண்டாகும் என்று ஒருவர் சொன்னால், நம்மில் பலர் தலையாட்டி விடுவோம். பெரியதிலிருந்து பெரிய பலன் வரும் என்று நம்பியே பழகியவர்களல்லவா நாம்? ஆனால் காந்தம் எவ்வளவு பெரிதானாலும், சும்மா கிடந்தால் ஒரு துளி மின்சாரமும் கிடையாது.

இதைக் காட்டியவர் ரிஷியுமல்ல, அவதார புருஷருமல்ல. லண்டனுக்கருகில் 1791ல் கொல்லர் மகனாய்ப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே. குலத்தொழிலே கதியென்று அவரை உலைக்களத்திலேயே நிறுத்தியிருந்தால் உலகத்தின் கதி என்ன? 1831 அக்டோபர் 17ந் தேதி அவர் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தார். கருவியின் முள் அசைந்தது. நிறுத்தினார், முள் திரும்பி விட்டது. வெளியே இழுத்தார், எதிர்ப்பக்கம் அசைந்தது.

இதைக் கோடு போட்டே பார்த்துவிடலாம். 100 சுற்றுள்ள ஒரு சுருள். அதன் ஒவ்வொரு சுற்றையும் ஊடுருவும் காந்தப் பாயம் 2 வினாடியில் பூஜ்யத்திலிருந்து 0.02 வெபருக்குச் சீராக ஏறுகிறது. 3 வினாடி அப்படியே நிற்கிறது. பிறகு 1 வினாடியில் பூஜ்யத்திற்கு இறங்குகிறது. இதை மேலே ஒரு கோடாக வரையுங்கள். அதற்கு நேர் கீழே மின்னழுத்தத்தை வரையுங்கள். முதல் 2 வினாடிக்கு 1 வோல்ட். நடு 3 வினாடிக்குப் பூஜ்யம். கடைசி வினாடிக்கு எதிர்த்திசையில் 2 வோல்ட். பாயம் உச்சியில் நிற்கும்போது மின்சாரம் இல்லை! மேல் கோட்டின் உயரமல்ல, அதன் சரிவே கீழ்க் கோட்டைத் தீர்மானிக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் நடப்பதென்ன? திவசத்தில் பொருள் தெரியாமல் மந்திரம் சொல்வது போலப் பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள். அதிலுள்ள கழித்தல் குறி எதற்கென்றால், "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்கிறார்கள். விஞ்ஞானத்தையும் வேதமாக்கிவிட்டால் புரோகிதருக்கும் வாத்தியாருக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் குறியின் பொருளை லென்ஸ் என்பவர் 1834ல் விளக்கினார். உண்டாகும் மின்சாரம், தன்னை உண்டாக்கிய மாறுதலையே எதிர்த்து நிற்கும். அதாவது, காந்தத்தைத் தள்ளும் கை உழைக்காமல் மின்சாரம் கிடைக்காது. உழைப்பில்லாமல் பலன் தருகிறேன் என்பவன் புரட்டன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே, உங்கள் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பென்சிலும் கட்டம் போட்ட காகிதமும் வாங்கிக் கொடுங்கள். "சொன்னார்கள், நம்பினேன்" என்பது போய், "போட்டுப் பார்த்தேன், தெரிந்து கொண்டேன்" என்று அவர்கள் சொல்லட்டும். அதுவே பகுத்தறிவு.