இடம் கிடைக்குமா?

ஐப்பசித் திங்களின் இறுதியில் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் தேர்த் திருவிழா நடைபெறும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த அக்கிரகார வீடுகள் பல அப்போது திறக்கப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் குடும்பத்தினர் திண்ணையில் அமர்ந்து தேர் காண்பர். அவர்களோடு பேசிவிட்டு வரும் நம் மாணவர் மறுவாரம் வகுப்பில் கேட்கும் வினா ஒன்றே: “ஐயா, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எனக்கும் இடம் கிடைக்குமா?”

கிடைக்கக்கூடும். ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் செல்ல முயல்வதைவிட, இங்கே பட்டம் பெற்றபின் முயல்வதே பெற்றோரின் பணியை நம்பி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

2023–24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர் 3,31,602 பேர். அவர்களுள் முதுநிலைப் படிப்பிலும் ஆய்விலும் இருந்தோர் 1,96,567 பேர். இளநிலைப் பட்டம் பயின்றோர் 36,053 பேர் மட்டுமே. இந்த வேறுபாட்டிற்குப் பணமே பெருங்காரணம் எனலாம். வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, வேண்டிய உதவியையும் முழுமையாக வழங்கும் நிறுவனங்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற மிகச் சிலவே. அங்கோ உலகமே வந்து போட்டியிடுகிறது. எம்.ஐ.டி.யின் இளநிலை மாணவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே வெளிநாட்டவர். தொண்ணூற்றெட்டு விழுக்காடு மதிப்பெண் பெற்றவரும் அங்கே இடம் பெறாமல் போகலாம். அதனால் அவர் அறிவிற் குறைந்தவர் ஆகிவிடமாட்டார். இருக்கைகள் குறைவு, அவ்வளவே.

முனைவர் பட்டப் படிப்பின் நிலை வேறு. அறிவியல், பொறியியல் துறைகளில் மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் பேராசிரியர்களின் முடிவே முதன்மையானது. தேர்வு பெற்றவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும், கற்பித்தல் அல்லது ஆய்வுப் பணிக்கு உதவித்தொகையும் கிடைக்கும். முதுநிலைப் படிப்பிற்குப் பலர் கடன் வாங்கியே செல்கின்றனர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பல்கலைக்கழகம் இடம் தந்துவிட்டால் போதுமா எனில், போதாது. நாட்டின் அனுமதியும் வேண்டும். 2024 ஜனவரியில் கனடா அரசு, அவ்வாண்டு வழங்கும் புதிய மாணவர் அனுமதிகளை ஏறத்தாழ 3,60,000 என வரையறுத்தது. முந்தைய ஆண்டைவிட இது 35 விழுக்காடு குறைவு. வாழ்க்கைச் செலவிற்கென மாணவர் காட்ட வேண்டிய தொகையும் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. வீட்டை அடகு வைத்துக் கட்டணம் செலுத்த எண்ணும் தந்தையர் இதனை முதலில் அறிய வேண்டும்.

காலம் தாழ்ந்து சென்றால் வாய்ப்பு நழுவிவிடும் என அஞ்சுவோர் உண்டு. பாலக்காட்டை அடுத்த திருநெல்லாயியில் பிறந்த டி. என். சேஷன், ஆட்சிப் பணியில் பல்லாண்டுகள் இருந்தபின், 1968இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் ஹார்வர்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார். கல்பாத்தியிலேயே 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதனோ பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். வெப்பமண்டலத்தின் மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகக் குளிர்ந்திருப்பதை 1929இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அகமதாபாது இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவருடைய முனைவர் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது.

மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில ஏற்பதில்லை என்பது இதுவரை ஒரு தடையாக இருந்தது. கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024இல் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியிருப்பதால் அத்தடையும் தளர்கிறது.

என் மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்தும் மறுத்தன. இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. இப்போது விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பயில்கிறாள். சென்ற தேர்த் திருவிழாவில் என்னைக் கண்டு, ஆய்வுக்கூடத்தில் தான் செய்துவரும் சோதனையைப் பற்றி நெடுநேரம் பேசினாள். அமெரிக்காவைப் பற்றி நான்தான் கேட்டேன். “இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே, ஐயா” என்றாள்.