ஒரு ரத்தத் துளி வரைந்தால் போதும்

முகப்பேர் பக்கம் ஒரு மருத்துவமனையில், கையில் சீட்டோடு ஒரு பாட்டி ஒரே வராந்தாவில் மூன்று முறை போய் வந்தார். "ரத்தம் எடுக்கிற இடம் எங்க தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டபோது, நாங்கள் நின்றிருந்ததே அந்த அறை வாசலில்தான். தலைக்கு மேலே 'நோய்க்குறியியல் ஆய்வகம்' என்று பெரிய பலகை. பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞர் ஒருவர் விரலில் கட்டோடு நின்றிருந்தார். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. பலகையில் சிவப்பாக ஒரு ரத்தத் துளி வரைந்திருந்தால் இருவருமே யாரையும் கேட்டிருக்க வேண்டாம்.

படத்தைப் படிப்பது நமக்குப் பழகிய கலை. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள்; பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். தேர்தல் நடந்தது. இன்று மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்தே சைவம் என்கிறோம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் தடுமாறுவதால் 2020-ஆம் ஆண்டு விதிகளில் அதை முக்கோணம் ஆக்கினார்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடம் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது.

மெக்சிகோ நகர மெட்ரோவில் 1969 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் உண்டு. அமெரிக்காவில் 1974-இல் 34 பொதுக் குறிகளை வரைந்து, 1979-இல் 50 ஆக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கழிப்பறை, லிஃப்ட், படிக்கட்டு, குடிநீர் ஆகியவற்றுக்கு நாம் புதிதாக யோசிக்கவே வேண்டாம். ரேஷன் கடை, இ-சேவை மையம், பிறப்புச் சான்றிதழ் கவுண்டர் போன்றவற்றைத்தான் நாம் வரைய வேண்டும்.

வரைந்தால் மட்டும் போதாது. எழுத்தை மறைத்துவிட்டு, படத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேரிடம் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் விழித்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைய வேண்டும். அம்புக்குறி எளிதென்று தோன்றும். ஆனால் மேல்நோக்கிய அம்பை 'நேராகப் போ' என்று சிலரும் 'மாடிக்கு ஏறு' என்று சிலரும் படிக்கிறார்கள். மாடிக்கென்றால் பக்கத்திலேயே படிக்கட்டையும் வரைந்துவிடுவது நல்லது. மருத்துவமனை என்று காட்டச் செஞ்சிலுவை போடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு, 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது.

இதை யார் செய்வது? கட்டடத்துக்கு ஒரு படம் என்று ஆளுக்கொன்று வரைந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அம்பத்தூர் மண்டல அலுவலகம், மருத்துவமனைகள், பள்ளிகள் எல்லாம் ஒரே தொகுப்பை ஏற்க வேண்டும். எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மாணவர்களிடம் வரையக் கேட்கலாம். பத்துப் பேரிடம் காட்டிக் கேட்கும் வேலையைக் குடியிருப்போர் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். பலகைமேல் சுவரொட்டி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் வேலை.

'மகப்பேறு' என்ற சொல்தான் மருவி முகப்பேர் ஆனது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர் இது. வயிற்றுப்பிள்ளையோடு வரும் பெண் யாரையும் கேட்காமல் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர ஒரு படம், தாயும் கைக்குழந்தையும். அதையே முதலில் வரையுங்கள்.