கம்ப்யூட்டர் இல்லாதவனுக்குத்தான் புரோகிராம் பக்கம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைக் கட்டுகளை இறக்கினேன். எடைக்குப் போடலாம் என்பது வீட்டம்மாவின் கட்சி. தூசி தட்டும்போது நான் முதலில் புரட்டியது கட்டுரைகளை அல்ல, வாசகர் கடிதங்களை. நம்ம பக்கத்து இடைசெவல்காரர் கி.ரா. ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதிய மண் இது. கடுதாசி என்றால் நமக்குக் கை அரிக்கத்தான் செய்யும்.

அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே சண்டைதான். பத்திரிகையில் எதைப் போடுவது? ஒரு சாரார், “புரோகிராம் எல்லாம் எதற்கு, எங்களுக்குப் புரியவில்லை. எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம், பிரிண்டர் மக்கர் செய்தால் என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கள்” என்பார்கள். இன்னொரு சாரார், “விலைப்பட்டியல் போடவா பத்திரிகை? போன இதழில் பாதியில் விட்ட புரோகிராம் எங்கே?” என்று எழுதுவார்கள். இதற்கு நடுவில் கணினியா, கணிப்பொறியா, கம்ப்யூட்டரா என்று ஒரு தனிச் சண்டை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அதைத் தொட்டால் விடியவிடிய ஓடும்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் சாராரின் பக்கமே சாய்ந்தார்கள். நானும் ஒரு பத்திரிகைக்கு (பெயர் வேண்டாம்) கார்டு போட்டுக் கேட்டேன். பதில் வந்தது, அந்தவரை நல்ல மனுஷர். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே கொஞ்சம் பேர், அதிலும் புரோகிராம் எழுதுபவர் விரல் விட்டு எண்ணும் அளவுதான், கிராமத்து வாசகருக்கு அது எட்டாது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்திரிகை நடத்துவது மானாவாரி விவசாயம் மாதிரி, மழை பெய்தால்தான் விளைச்சல். விளம்பரம் தருகிற கடைக்காரர் வன்பொருள் விற்கிறவர். புரோகிராமை அச்சில் கொண்டுவருவதும் லேசுப்பட்ட காரியமல்ல. அந்தக் காலத் தமிழ் எழுத்துருவோடு ஆங்கிலத்தைக் கலந்து கோக்கும்போது ஓர் அரைப்புள்ளி காணாமல் போகும், மேற்கோள் குறி வேறு ஏதோ எழுத்தாகிவிடும். பிறகு அடுத்த இதழ் முழுக்கத் திட்டுக் கடிதம்தான்.

ஆனால் “கிராமத்து வாசகருக்கு எட்டாது” என்றாரே, அதை மட்டும் நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

யோசித்துப் பாருங்கள். கயத்தாற்றில் ஒரு பையன் நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகையைப் படிக்கிறான். அவன் கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். “ஃபைல் மெனுவைத் திறந்து மூன்றாவது கட்டளையைச் சொடுக்கவும்” என்று எழுதினால் அவன் எதைச் சொடுக்குவான்? மேசையையா? எந்த மானிட்டர் வாங்கலாம் என்ற கட்டுரை, தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு? ஆனால் பத்து வரி பேசிக் புரோகிராம் ஒன்றைக் கொடுங்கள், அதை ஓட்ட அவனுக்கு மின்சாரமே வேண்டாம். பழைய நோட்டின் பின்பக்கம் போதும். கட்டம் கட்டி, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, வரி வரியாக மதிப்பை எழுதிக்கொண்டே போனால் விடை வந்துவிடும். என் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: “நீதான்டா கம்ப்யூட்டர், ஓடு!”

கப்ரேகர் கணக்கையும் மறந்திருக்க மாட்டீர்கள். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேகர், நம்ம ஜாதி, அதாவது வாத்தியார் ஜாதி. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழி. வந்த விடையை மறுபடியும் அதே மாதிரி செய். ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். நம்ம ஊரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆண்டு 1799. அதையே வைத்துக்கொள்வோம். 9971 கழித்தல் 1799, 8172. அப்புறம் 7443, 3996, 6264, 4176, ஆறாவது தடவையில் 6174. இதற்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால், இலக்கங்களைப் பிரிப்பது, வரிசைப்படுத்துவது, நிற்கும் இடம் தெரிந்து நிற்பது என்று மூன்று பெரிய பாடம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இதற்கு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பும் வேண்டாம். அந்தக் கட்டில் இருந்த விண்டோஸ் 95 குறிப்புகள் இன்று எடைக்குத்தான். அதன் பக்கத்திலேயே இருந்த வரிசைப்படுத்தும் புரோகிராமை இன்றைக்கும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் ‘பைட்’ என்று ஒரு பத்திரிகை, 1975 செப்டம்பரில் தொடங்கியது. வீட்டில் சால்டரிங் அயர்ன் பிடித்துச் சொந்தமாக கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கான பத்திரிகை. அதில் ஸ்டீவ் சியார்சியா என்ற பொறியாளர் 1977 முதல் மாதாமாதம் நீங்களே செய்து பாருங்கள் வகைக் கட்டுரை எழுதிவந்தார். காலம் போகப்போக, கடையில் விற்கும் கம்ப்யூட்டர்களின் மதிப்புரைகள் பெருகி, கையால் செய்யும் பக்கங்கள் சுருங்கின. சியார்சியா 1988ல் வெளியேறித் தன் பகுதியின் பெயரிலேயே ‘சர்க்யூட் செல்லர்’ என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். ‘பைட்’ 1998 ஜூலையோடு நின்றது. சின்னக் கூட்டத்துக்காக வந்த ‘சர்க்யூட் செல்லர்’ அதற்கப்புறமும் பல வருஷம் வந்தது. இதற்கு ஆயிரம் வியாபாரக் காரணங்கள் இருக்கும், நான் வியாபாரி அல்ல. ஆனால் மதிப்புரை எந்தப் பத்திரிகையிலும் கிடைக்கும் என்பதை அந்த ஆசிரியர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அச்சுப் பிழைக்குப் பயந்து புரோகிராமை விட்டார்கள் என்றேனே, அதற்கும் வழி இருந்தது. ‘கம்ப்யூட்’ என்ற பத்திரிகை 1983ல் ஒரு குட்டி புரோகிராம் வெளியிட்டது. அதை முதலில் தட்டச்சு செய்து ஓட்டிவிட்டால், பிறகு நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் திரையில் காட்டும். அச்சில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போனால் வரி சரி. ரேஷன் கடைக்காரர் பில்லை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது போலத்தான்.

இன்னொன்று. ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ 1976ல் மூன்றே மூன்று இதழ் போடுவதாகத்தான் ஆரம்பித்தது. சின்ன கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு குட்டி பேசிக் மொழியை வாசகர்களே எழுதி அனுப்ப, அதை அச்சிடுவதுதான் நோக்கம். வாசகர்கள் விடவில்லை. அச்சிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. வாசகரை வாங்குபவராகப் பார்க்காமல் எழுதுபவராகப் பார்த்ததுதான் அங்கே வித்தியாசம்.

நம்மவர்களையும் குறை மட்டும் சொல்லக் கூடாது. ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழும், தினமலரோடு வந்த ‘கம்ப்யூட்டர் மலர்’ இணைப்பும் இல்லை என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த உலகத்தின் வாசலே தெரிந்திருக்காது. சுஜாதா ‘ஏன்? எதற்கு? எப்படி?’யில் வாசகர் கேள்விக்குப் பதில் சொன்ன தோரணையில்தான் நான் வகுப்பில் பேசவே பழகினேன். கேள்வி-பதில் பக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இடம் போதவில்லை என்று புரோகிராம் பக்கத்தில் கை வைத்ததுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இன்றைக்கு 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில், வாசகர்களே எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு வருகிறது. பிளஸ் டூ புத்தகத்தில் 2019லிருந்து பைத்தான் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையிடம் பைத்தான் கேள்வி ஒன்றைக் கேட்டேன். புத்தகத்தில் உள்ள விடையை மூச்சு விடாமல் ஒப்பித்தது. ஓர் எண்ணை மாற்றிப் போட்டு, இப்போது என்ன வரும் என்றேன். போனை எடுத்து வீடியோ தேட ஆரம்பித்துவிட்டது. நோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அது பிள்ளையின் குற்றமா?

உங்களில் பெங்களூரிலும் சென்னையிலும், கடல் கடந்தும் இதே தொழிலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாரம் ஒருவர், இருபது வரிக்கு மிகாமல் ஒரு புரோகிராம், தமிழில் அரைப் பக்க விளக்கத்தோடு எனக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. ஓர் இடத்தில் வேண்டுமென்றே பிழை வைத்தாலும் சரி, அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என் செலவு. கப்ரேகர் கணக்கை முதல் வாரத்துக்கு நானே எழுதிவிட்டேன். இரண்டாவது வாரம் யாருடையது? பெயரைக் கீழே போடுங்கள். கட்டை எடைக்குப் போடுவதை வீட்டம்மாவிடம் சொல்லி அதுவரை தள்ளிவைத்திருக்கிறேன்.